வல்லரசாவது எந்த மாதம்?

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். லிப்ட் மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் முக்கியமான பேச்சை எடுக்கும்போதெல்லாம் திரையில் உங்கள் முகம் அப்படியே உறைந்துவிடுகிறது. சிக்னல் கோளாறு என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

போன முறை விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "கவலைப்படாதீங்க மாமா, நம்ம நாடு வல்லரசாகட்டும், அடுத்த பிளேன்லயே குடும்பத்தோட வந்துடறோம்" என்றீர்கள். நீங்கள் மறந்திருக்கலாம். எனக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. காலையில் செய்தித்தாள் வந்ததும் ஏற்றுமதிக் கணக்கைத்தான் தேடுகிறேன். எஃகு உற்பத்தி கூடியிருந்தால் நன்றாகப் பசிக்கிறது, குறைந்திருந்தால் உங்கள் அத்தையிடம் எரிந்து விழுகிறேன். "எஃகு குறைஞ்சதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?" என்று அவள் கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

உலகப் பொருளாதார வரிசையில் நாம் ஓர் இடம் மேலே ஏறிவிட்டோம் என்று ஒருநாள் செய்தி வந்தது. அதைக் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் காட்டலாமென்று பேப்பரும் கையுமாக லிப்டில் ஏறினேன், அவரே உள்ளே இருந்தார், கதவு மூடியது, கரண்ட் போய்விட்டது. இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கினோம். இருட்டில் அவர், "முன்னேறும்போது நடுவுல கொஞ்சம் நிக்கத்தான் சார் செய்யும்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். கரண்ட் வந்ததும் லிப்ட் எங்களை நேராகக் கீழே கொண்டுபோய் விட்டது. அதன் பிறகு அது எழுந்திருக்கவேயில்லை. இதையெல்லாம் உங்களிடம் மறைத்துவிட்டேன். எனக்கு மூச்சு வாங்குவதைப் போனில் பார்த்து மகள் கேட்டபோது நடைப்பயிற்சி என்று சொன்னேன். குழாய்க்காரர்கள் மூடிய பள்ளத்தைக் கேபிள்காரர்கள் திறந்து தெருவே அதிர்ந்தபோது, "என்ன தாத்தா சத்தம்?" என்று பேத்தி கேட்டாள். "நாடு வளருது கண்ணு" என்றேன். குழந்தையிடம் வேறு என்ன சொல்வது?

இப்படி நான் அலைபாய்ந்துகொண்டிருந்த நேரத்தில், நகர மண்டபத்தில் ஒரு பொருளாதார நிபுணர் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதாகச் சுவரொட்டி பார்த்தேன். முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவர் காட்டிய வளர்ச்சிக் கோடு திரையைத் தாண்டி, சுவரில் ஏறி, மின்விசிறி வரைக்கும் போனது. கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்து, "ஐயா, வல்லரசாவது எந்த மாதம்?" என்றேன். மண்டபமே சிரித்தது. "சிரிக்காதீங்க. வீட்டுல பேத்தியை ஸ்கூல்ல சேர்க்கணும், முன்கூட்டியே சொல்லி வைக்கணும்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நிபுணர் மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "சில வருஷம் முன்னால பேசினப்போ இந்த வருஷம்னுதானே சொன்னீங்க? இப்போ இன்னும் பத்து வருஷம்ங்கறீங்க. ஏன் சார் தள்ளிக்கிட்டே போறீங்க?" என்று கேட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் மாப்பிள்ளையும் இதே வார்த்தையைத்தான் சொல்லிட்டுப் போனாரு சார். அந்த வருஷம் வந்து, அவங்க வரலைன்னா, வீட்டுல நான் என்னன்னு சொல்றது?"

அந்தத் தெருவிலும் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தை ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தாண்டிவிட்டுப் பிரிந்தோம். வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டே, "அவங்க வர்றதுக்கு நாடு எதுக்குங்க வல்லரசாகணும்? டிக்கெட் எடுத்தாப் போதுமே" என்றாள்.

மாப்பிள்ளை, நானும் இறங்கி வந்துவிட்டேன். வல்லரசு வேண்டாம், ஏதோ சுமாரான அரசாக இருந்தால் போதாதா? போனில் பேசும்போது பேத்தி திரையில் இரண்டு விரலை வைத்து வைத்து விரிக்கிறாள். என்ன செய்கிறாள் என்று கேட்டேன். தாத்தாவைப் பெரிதாக்கிப் பார்க்கிறாளாம். எனக்குத் தாங்கவில்லை. உங்கள் அறை நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது, ஜன்னல் திரையைக்கூட மாற்றவில்லை. இன்றைக்கே வந்தாலும் எல்லாம் தயார்.

நீங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றும் வராமல், முகம் உறையாத சிக்னலோடு நீடூழி வாழ வாழ்த்தும்,
உங்கள் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். அங்கே உங்கள் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாமே. மாத முடிவுக்குள் கிளம்ப வேண்டுமாமே. வல்லரசென்றால் இப்படித்தான் சட்டென்று முடிவெடுக்கும் போலிருக்கிறது. அவள் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் எதற்கு அழுதேன் என்று அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் தப்பாக நினைக்காதீர்கள். தபாலில் போட்டால் நீங்கள் கிளம்பிய பிறகுதான் வந்து சேரும் என்பதால் இதைப் படம் எடுத்து அனுப்புகிறேன். மேலே எழுதியதில் அறையைப் பற்றிச் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். நீங்கள் எங்கே வரப்போகிறீர்கள் என்று நினைத்து, கழற்றிய லிப்ட் மோட்டாரை உங்கள் அறையில் போட்டுக்கொள்ளச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன். கட்டில் மேல் கிடக்கிறது. அதை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஆகவே, பயணத்தை ஒரு மூன்று மாதம் தள்ளிப் போட முடியுமா என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அத்தை பின்னால் நின்று படித்துவிட்டாள். "அந்த நிபுணர் மாதிரி நீங்களும் தள்ளாதீங்க. வரச் சொல்லி எழுதுங்க" என்கிறாள்.

வாருங்கள். நான்கு மாடிதான். பேத்தியை நான் தூக்கிக்கொள்கிறேன்.