ஏகாதசி உருளைக்கிழங்கில் விழுந்த பெருங்காயம்

நீயே சொல்லு அண்ணா, ஒரு சிட்டிகை டப்பாப் பெருங்காயத்துல மைதா எவ்வளவு இருக்கும்? ஹாத்ரஸ் பெருங்காயக் கொட்டாய்ல முப்பது வருஷமா மாவு கலக்குற கை உன்னோடது, உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? எடுத்ததுமே கேட்டுட்டேன், கோவிச்சுக்காதே. பன்வாரி அண்ணா காலைத் தொட்டு தங்கச்சி கலாவதி எழுதுறது. ராதே ராதே. கண்ணையா புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம். அப்படித்தானே எழுதணும், எழுதிட்டேன். ஆனா நான் சுகமா இல்ல. நாலு நாளா ரொட்டி தொண்டைல இறங்கல.

என் பொண்ணு மிதிலேஷுக்கு இது ஏழாம் மாசம், ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன்னு இங்க வந்திருக்கா. அவ மாமியார், நம்ம சம்பந்தியம்மா, குழந்தை உண்டாகி நல்லபடியா பொறக்கணும்னு போன வருஷமே இருபத்திநாலு ஏகாதசி விரதம் வேண்டிக்கிட்டவங்க. அன்னிக்கு அரிசி, கோதுமை ஒரு துகள்கூட நாக்குல படக்கூடாது. இருபத்திமூணு முடிஞ்சுது. கடைசி ஒண்ணை உங்க கையால சாப்பிட்டு முடிக்கிறேன் சம்பந்தின்னு இங்கயே வந்துட்டாங்க. எனக்குப் பெருமை தாங்கல. நெய்யில சீரகம் பொரிச்சு, இந்துப்பு போட்டு உருளைக்கிழங்கு. பெருங்காயம் இல்லாம உருளைக்கிழங்கு எப்படி? அதுக்குத்தானே நீ மாவு கலக்காத கட்டிப் பெருங்காயம் அனுப்பி வச்சிருக்கே. ஆனா அது வீட்டுக்குள்ள இருந்தா எலி செத்து நாறுதுன்னு இவர் கத்துறார், அதனால பாட்டில்ல அடைச்சு, பாட்டிலைத் தகர டப்பால வச்சு, துணி சுத்தி, மாட்டுக் கொட்டகைல வச்சிருக்கேன். எடுத்துட்டு வரணும்னு எழுந்தேன், இங்க நெய் புகையுது, சீரகம் கருகுது, கூடத்துலேர்ந்து சம்பந்தியம்மா "உங்க ஊர்ப் பூசாரிக்கு ரெண்டாங் கல்யாணமாமே?"ன்னு கேக்குறாங்க, நான் பதில் சொல்லிக்கிட்டே கையை நீட்டினேன், தினமும் பருப்புக்குப் போடுற டப்பா கைல வந்துடுச்சு, போட்டுட்டேன். போட்டதே எனக்குத் தெரியல அண்ணா! கை அது பாட்டுக்குப் போட்டுடுச்சு.

சம்பந்தியம்மா ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாங்க. அப்புறம் விரலை மோந்து பார்த்து, "என்ன சம்பந்தி, பெருங்காயம் இவ்வளவு சாதுவா இருக்கு? கட்டிதானே?"ன்னாங்க. "கட்டியேதான், எங்க அண்ணன் அனுப்பினது"ன்னு சொன்னேன். மறுநாள் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தா, பாட்டிலுக்குள்ள பொட்டலத்துல நீ கட்டின நூல்கூட அவிழல. இவர்கிட்ட அழுதேன். "ஒரு சிட்டிகைக்கு ஏன்டி இப்படி நடுங்குறே? கண்ணையா என்ன தராசு வச்சுக்கிட்டா உக்காந்திருக்கார்?"ங்கிறார். ஏகாதசின்னாலே கச்சோரிக் கடையைத் தேடிப் போற மனுஷன், அவருக்கென்ன தெரியும்!

அன்னிலேர்ந்து எல்லாமே தப்பாப் படுது. எருமை பால் செம்பை உதைச்சுது. கண்ணையா கிரீடம் மூணு தரம் சரிஞ்சுது. நான்தான் சரியாக் கட்டலையோ என்னவோ, ஆனா மூணு தரமா? நேத்து மிதிலேஷ் வந்து, "அம்மா, காலைலேர்ந்து குழந்தை அசையவே இல்ல"ன்னா. எனக்கு உசிரே போயிடுச்சு. கொஞ்சம் சர்பத் குடிச்சா, அப்புறம் உள்ள உதைச்ச உதைல வயித்து மேல வச்சிருந்த டம்ளரே சாய்ஞ்சுது. அவ சிரிக்கிறா, நான் பூஜை ரூம்ல போய் அழுறேன். சாயங்காலம் சம்பந்தியம்மா போன். "சம்பந்தி, உங்ககிட்ட மனசு விட்டு ஒண்ணு கேக்கணும்"னாங்க. போன் தயிர்ச் சட்டில விழுந்துடுச்சு. துடைச்சு எடுத்துக் கேட்டா, மாங்காய் ஊறுகாய்க்கு வெந்தயம் வறுக்கணுமான்னு கேக்குறாங்க.

வர ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல விரதம் முடிக்கிற பூஜை. பண்டிட் எல்லார் முன்னாடியும் விரதத்துல குறை உண்டான்னு மூணு தரம் கேப்பாராம், இல்லைன்னு அவங்க கங்கை ஜலத்தைத் தொட்டுச் சொல்லணுமாம். நான் வாயைத் திறக்கலேன்னா அது பொய் சத்தியம், குழந்தைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் எங்க போய் முட்டிக்குவேன்? சொல்லிட்டேன்னா முதல்லேர்ந்து இருபத்திநாலு, அதுக்கு ஒரு வருஷம் ஆகும். குழந்தை ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருக்கும்? "உங்கம்மா கை பட்டுத்தான் கெட்டுது"ன்னு மிதிலேஷை ஆயுசுக்கும் குத்திக் காட்டுவாங்க. போன்ல பேசினா மிதிலேஷ் காதுல விழும், நீ ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி கடுதாசியாவே பதில் போடு. மைதா கொஞ்சம்தான்னு எழுது. நிறையன்னா, அதையும் கொஞ்சம்னே எழுது.

அண்ணிக்கு என் நமஸ்காரம். உன் வீட்டுல எல்லாருக்கும் கண்ணையா நீண்ட ஆயுசு கொடுக்கட்டும், எனக்குக் கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
நடுங்கிக்கிட்டே எழுதும் தங்கச்சி
கலாவதி

பி.கு.: கவரை ஒட்டப் போறப்போதான் ஞாபகம் வருது. அன்னிக்குக் காலைல சம்பந்தியம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் டீ கொடுத்தேன். விரதத்துக்கு டீ ஆகும்தானே. ஆனா பேச்சு சுவாரஸ்யத்துல டீல தோச்சுத் தோச்சு ரஸ்க் சாப்பிட்டாங்க அண்ணா. மூணு. மூணாவது வேண்டாம்னுதான் சொன்னாங்க, நான்தான் விடல.