சம்பளம் வாங்காத காவல்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தள்ளி உட்கார்ந்தால் கதை உங்களிடம் வந்து சேர்வதற்குள் ஆறிப் போய்விடும். இது கும்மிடிப்பூண்டி மோசஸ் வீட்டில் நடந்தது. தாராளமாகச் சிரிக்கலாம், அந்த மனிதர் காதில் மட்டும் விழ வேண்டாம்.

மோசஸ் அன்று கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரு குட்டிப் பெட்டி எட்டிப் பார்த்து, 'பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மறைந்தது.

"பிரின்சி, யாரும்மா இவன்? காலைலருந்து எட்டி எட்டிப் பாக்குறான்."

"அது ஆன்டிவைரஸ் நைனா. வைரஸ் உள்ள வராம காவல் காக்கும். அன்பு அண்ணன் போட்டுக் குடுத்தாரு."

"எவ்ளோ வாங்கினான்?"

"ஒண்ணும் வாங்கல. அது ஃப்ரீ."

மோசஸின் புருவம் மேலே ஏறியது. இரும்பு ஆலை ஒன்றின் கேட்டில் செக்யூரிட்டி வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் டிபன் பாக்ஸில் மிச்சமிருக்கும் சாம்பாரைக்கூடக் கரண்டியால் கிளறி, உள்ளே போல்ட் நட்டு கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்.

"டப்பு வாங்காம எவன்மா வாசல்ல நிப்பான்? நிக்கிறான்னா அவனுக்கு உள்ள இன்னாமோ வேல கீது."

"ஐயோ நைனா!"

"அதுவும் இல்லாம, நான் முழிச்சிக்கினு கீறேன்னு அடிக்கடி எவன் சொல்லுவான்? தூங்கினவன்தான் சொல்லுவான். எங்க நைட் ஷிப்ட்ல பாத்துக்கினுதான கீறேன்?"

மகள் பிரின்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். பாலிடெக்னிக் கடைசி வருஷம். அவள் மாதக்கணக்காக உட்கார்ந்து எழுதிய பிராஜக்ட் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. திங்கட்கிழமை அதைக் கல்லூரியில் காட்டியாக வேண்டும்.

மோசஸ் நேராக ஸ்டேஷன் ரோட்டில் இருந்த அன்புவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

"மோசஸ்ணா, ஊட்டுக்கு இதுவே போதும்ணா. காசு குடுத்தா இன்னும் நாலு வசதி சேத்து வரும், அவ்ளோதான்" என்றான் அன்பு.

"இத ஊடு ஊடா போடறதுக்கு உனக்கு இன்னா குடுக்கிறானுங்க?"

"ஒரு டீகூட இல்லணா."

"அப்ப நீயும் ஃப்ரீயா?" மோசஸ் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

மறுநாளே மீஞ்சூருக்கு ரயிலேறி, பளபளக்கும் அட்டைப்பெட்டியில் காசுக்கு விற்கிற ஆன்டிவைரஸ் சிடியை வாங்கி வந்தார். மனைவி ஆரோக்கியமேரி மீன் கழுவிக்கொண்டிருந்தவள், பெட்டியைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னாய்யா இது, பிஸ்கோத்தா?"

"காவலுக்கு ஆளு. சம்பள ஆளு. நம்ம மாதா கோயில்லயே பாரு, போன மாசம் சம்பளத்துக்கு ஒருத்தனப் போட்டாங்களே, குப்புராஜு. பூசை முடியிற வரைக்கும் கண்ணு இமைக்கிறது இல்ல. நான் எங்க நவுந்தாலும் பின்னாலயே வந்து வேல கத்துக்கிறான். அதான் சம்பளத்துக்கு உள்ள மரியாத."

மோசஸுக்குக் கோயிலுக்குள் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். வாசலில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றால்தான் ஜெபம் ஓடும். அதனால் வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் அங்கேதான் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிரின்சி கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில் சிடியைப் போட்டு, 'நெக்ஸ்ட்' என்று வந்த இடத்தையெல்லாம் அமுக்கினார். பழையதை நீக்கட்டுமா என்று அது கேட்டது.

"எடுத்துடேன்யா" என்றாள் ஆரோக்கியமேரி.

"நீ சும்மா இரு. தொரத்திட்டா திருடன் எப்பிடி மாட்டுவான்? ரெண்டு பேரும் நிக்கட்டும். சம்பளக்காரன் ஓசிக்காரன்மேல ஒரு கண்ணு வெக்கட்டும்."

அவ்வளவுதான். புதியது எழுந்து, பழையதைக் காட்டிச் 'சந்தேகம்' என்றது.

"மாட்டுனான் பாரு!" மோசஸ் தொடையைத் தட்டினார்.

உடனே பழையது எழுந்து, புதியதைக் காட்டிச் 'சந்தேகம்' என்றது.

தட்டிய கை தொடையிலேயே நின்றுவிட்டது. "அட, இவனும் களவாணியா?"

இரண்டும் ஒன்றை ஒன்று மாறி மாறிச் சோதனை போட்டதில் கம்ப்யூட்டர் நகர மறுத்தது. மவுஸை இந்த மூலையில் தள்ளினால், ஒரு வாய் காப்பி குடித்த பிறகுதான் அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. இதற்கும் ஒரு வழி பண்ண நினைத்து, சம்பளக்காரனைக் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடச் சொன்னார். அது தேடித் தேடி, இதுவரை எங்கும் பார்த்திராத புதுமுகம் ஒன்று உள்ளே இருக்கிறது, பிடித்து அடைக்கட்டுமா என்று கேட்டது.

"புதுமுகமா? அடை!" என்று அமுக்கினார்.

அது பிரின்சி சொந்தமாக எழுதிய புரோகிராம்.

மாலையில் வந்த மகள், இருக்கிற இடமெல்லாம் தேடிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "என் பிராஜக்ட் போச்சு நைனா!"

மோசஸ் பதறிப்போய் வயரைப் பிடுங்கினார். திரும்பச் சொருகினால் திரை கறுப்பாகவே இருந்தது.

"ஊட்டுக்குள்ள ரெண்டு காவல் வெச்சி, பொண்ணு படிப்ப அடைச்சிட்டியேய்யா!" ஆரோக்கியமேரி கையிலிருந்த கரண்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

வேறு வழியில்லாமல் அன்புவுக்கே போன் போட்டார். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினான். "பயப்படாதணா. பிராஜக்ட் சாகல, லாக்கப்ல கீது. வெளிய எடுத்துடலாம். ஆனா ஒரு ஊட்டுக்கு ஒரு காவல்தான். ரெண்டுல ஒண்ணு போயாவணும். எது போவணும்? நீயே சொல்லு."

"இதுல இன்னா கேள்வி? டப்பு வாங்காதவன்தான் போவணும். நாளைக்கிப் பூசைக்கு வருவ இல்ல? பெட்டிய அங்க எடுத்துனு வரேன்."

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி மூட்டையாகக் கட்டி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். அதைக் கோயில் ஸ்டாண்டின் மூலையில் மறைவாக வைத்துவிட்டு, வழக்கம்போல் விறைப்பாக நின்றார். குப்புராஜும் வழக்கம்போல் பக்கத்திலேயே நின்றான். அவன் கண் மட்டும் மூட்டையை விட்டு நகரவில்லை.

பூசை முடிந்தது. அன்பு வந்து கை நீட்ட, மோசஸ் மூட்டையைத் தூக்கினார். குறுக்கே வந்து அதைப் பிடித்துக்கொண்டான் குப்புராஜ்.

"மூட்டைய அவுத்துக் காட்டுணா."

"டேய், நான் மோசஸ்டா! எங்கிட்டயே சோதனையா?"

"தெரியும்ணா, கோச்சிக்காத. டப்பு வாங்காம ஒருத்தன் வருசக்கணக்கா வாசல்ல நிக்கிறான்னா, அவனுக்கு உள்ள இன்னாமோ வேல கீதுன்னு கோயில் கமிட்டிக்குச் சந்தேகம். உம்மேல ஒரு கண்ணு வெக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே."

நல்லாயிருங்கள் கண்ணுகளா. பிரின்சியின் பிராஜக்ட் லாக்கப்பிலிருந்து மீண்டு வந்ததுபோல், உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பும் ஒரு குறையில்லாமல் கரை சேரட்டும். உங்கள் வாசலில் சும்மா நிற்கிறவர் யாராயிருந்தாலும், அவருக்கும் உங்கள் அடுப்பில் ஒரு டம்ளர் காப்பி கொதிக்கட்டும்.