ஆறாம் குழிக் கம்பம்

தேவாரம் மலையடிவாரம்,
யுவ வருஷம் பங்குனி மாதம்.

காமயகவுண்டன்பட்டியில் இருக்கும் மரியாதைக்குரிய அத்தை அவர்களின் பாதத்துக்கு, உங்கள் தம்பி அழகர் மகள் முத்துப்பேச்சி விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே அய்யா, அம்மா, ரெண்டு காளைகள், ஒன்பது குழிகள் எல்லாம் வீரபாண்டி கவுமாரியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்கள், மாமா, புதிதாக வைத்த தென்னங்கன்றுகள், இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிற உங்கள் மகன் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

தை மாதம் நீங்கள் வந்திருந்தபோது என்னைப் பார்த்து, "இது வாயத் தொறக்காம எங்கன குடும்பம் நடத்தப் போகுது? தொரைக்குப் புல்லுப் புடுங்கத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் அப்போதும் பதில் சொல்லவில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுதும்போது எனக்குக் கூச்சம் வராது. அதனால் நான் வாயைத் திறந்து பேசிய கதையை எழுதுகிறேன். வாசித்துக் காட்டுகிறவர் நடுவில் சிரிக்கக் கூடாது.

அய்யா மேஸ்திரியாக இருப்பது மலைத்தோட்டத்துத் துரைமார் கிளப்பின் கோல்ப் மைதானத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். வளைந்த குச்சியால் சின்ன வெள்ளைப் பந்தை அடித்து அடித்து, தூரத்தில் இருக்கும் குழிக்குள் விழ வைப்பதுதான் ஆட்டம். குழி இருக்கிற இடம் தெரிவதற்காக அதில் ஒரு கொடிக்கம்பு நிற்கும். குழியைச் சுற்றி ஒரு களத்து அளவுக்குப் புல்தரை, அதில் பந்து எண்ணெயில் வழுக்கின மாதிரி உருள வேண்டும். மாசி பிறந்தால் இந்தப் புல்தரைகளைச் சீர் செய்கிற வேலை. கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, சொட்டை விழுந்த இடத்தில் வாய்க்கால் கரை அருகம்புல்லைப் பதித்து, ஆட்டு எருவையும் ஓடை மணலையும் சலித்துத் தூவி, மேலே உருளை இழுக்க வேண்டும். காளைகளின் குளம்பு புல்லைக் கிழிக்காமல் இருக்க நாலு காலுக்கும் சாக்குக் கட்டித்தான் உருளையில் பூட்டுவோம். பிடுங்குவது கொஞ்சம்தான் அத்தை, நடுவதுதான் அதிகம்.

இந்த வருஷம் செக்ரட்டரி துரை அய்யாவைக் கூப்பிட்டு, பங்குனியில் மலைக்கு அந்தப் பக்கத்துத் துரைமார் பந்தயத்துக்கு வருகிறார்கள், அதற்குள் ஆறாம் குழி பச்சையாக வேண்டும், ஆகாவிட்டால் ஊட்டியிலிருந்து வேறு மேஸ்திரி வருவான், நீ வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது இங்கிலீஷில். பட்லர் ராஜமணி அண்ணன் அதைத் தமிழில் சொல்லும்போது மாட்டுக் கொட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். ஆறாம் குழி இருப்பது மேட்டில், கிணறு இருப்பது பள்ளத்தில். நானும் அம்மாவும் சுமந்து ஊற்றுகிற தண்ணீரை அந்த மேடு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னும் வரவில்லையே என்பது போலக் கிடக்கும். புல் பிடிக்கட்டும் என்று அதில் ஆட்டத்தையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்போது பார்த்துக் காற்று வந்து அந்தக் குழியின் மூங்கில் கம்பை முறித்துப் போட்டது. கீழே விழுந்த சிவப்புக் கொடியை ஆடு தின்றது. அய்யா என்னை வேறு கம்பு வெட்டி வரச் சொன்னார். ஓடைக்கரையில் நேராக அகப்பட்டது ஓர் அத்திக் கிளை. நுனி மூன்று கவையாகப் பிரிந்திருந்தது, கொடி நழுவாது என்று அதை அப்படியே விட்டேன். சிவப்புத் துணி கிடைக்காததால் என் மஞ்சள் தாவணியில் ஒரு முழம் கிழித்துக் கட்டினேன். குழியில் நிறுத்திவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னால் அம்மனுக்கு நடுகிற கம்பமும் மூன்று கவை உள்ள அத்திதான், பெண்கள் குடம் குடமாக அதற்குத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது, வருஷா வருஷம் போய் ஊற்றுகிற எனக்குச் சாப்பிடும்போது தோன்றவில்லை.

மறுநாள் காலையில் விறகுக்குப் போன மொக்கம்மாள் அக்கா மேட்டைப் பார்த்துவிட்டு நின்றாள். "வீரபாண்டி வரைக்கும் நடக்க முடியலைன்னு போன வருசம் அழுதேன். கேட்டுட்டு இங்கனயே வந்துட்டா பாரு" என்று சொல்லி, குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கம்பின் அடியில் ஊற்றிக் கும்பிட்டாள். நான் பக்கத்தில்தான் கோரை தோண்டிக்கொண்டிருந்தேன். அது கொடிக்கம்பு அக்கா என்று சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் ஓடையைத் தாண்டிவிட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நாளைக்கு அவளோடு அவள் தெருவே ஈரச்சேலையும் குடமுமாக வந்துவிட்டது. "நட்டது ஆரு?" என்று சுப்புத்தாய் சின்னம்மா கேட்க, "நட்டதாவது. தானா மொளைச்சு நிக்கிது" என்றாள் மொக்கம்மாள் அக்கா. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் ஒருத்தியிடமே சொல்ல வராதவள் ஒரு தெருவிடம் எப்படிச் சொல்வது? அய்யாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். அங்கே அருகு புதிதாகத் தளிர் விட்டிருப்பதைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்த்தா. பந்தயம் முடியட்டும்" என்றார். பங்குனி பாதியில், மற்ற எட்டுக் குழிகளும் சொறி பிடித்த மாதிரி கிடக்க, ஆறாம் குழி நாற்றங்கால் போல நின்றது. தண்ணீர் மட்டும் அவர்கள் ஊற்றியது. கோரை எடுத்தது, புல் பதித்தது, எரு போட்டது எல்லாம் நான்.

பந்தயத்தன்று அந்தப் பக்கத்துப் பெரிய துரை ஒருவர் அடித்த பந்து மேட்டில் ஏறிக் கம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இனி அதைத் தட்டிக் குழியில் விட வேண்டும். அதற்குக் கம்பைப் பிடுங்கித் தள்ளி வைக்க வேண்டும். இதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. துரையின் பை தூக்குகிற பால்பாண்டி கம்பிடம் போனான். "ஏலே பால்பாண்டி, கைய வச்ச, அந்தக் கை வெளங்காதுலே" என்றாள் மொக்கம்மாள் அக்கா. அவன் பையைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பெண்கள் குடத்தோடு கம்பைச் சுற்றி நின்றார்கள். பெரிய துரை ஆணி அடித்த பூட்ஸோடு என் புல்லை மிதித்துக்கொண்டு தானே பிடுங்க வந்தார். செக்ரட்டரி துரை பட்லரைப் பார்த்தார், பட்லர் அய்யாவைப் பார்த்தார், அய்யா மலையைப் பார்த்தார். நான் அந்த பூட்ஸைத்தான் பார்த்தேன். வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் புல் வேரோடு வந்தது. அத்தை, எனக்குக் கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அந்தச் செருப்பக் கழட்டச் சொல்லுங்கண்ணே" என்றேன் பட்லரிடம். "எங்க மாட்டுக்கே சாக்குக் கட்டித்தான் விடுறோம். காலக் கழுவிட்டு, ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டு வரட்டும். கம்பத்த மொக்கம்மாக்கா எடுத்துப் பிடிச்சுக்கிடட்டும். பந்து விழுகவும் நட்டுருவாக."

மொக்கம்மாள் அக்கா யோசித்தாள். "கீழ போடாம நான் பிடிச்சுக்கிட்டா குத்தமில்ல" என்றாள். பட்லர் அதை இங்கிலீஷில் சொன்னார், எவ்வளவு சேர்த்தார் என்று தெரியாது. அந்த ஆட்டத்தில் இருந்த துரைமார் நாலு பேரும் புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்கள். பெரிய துரை ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். பிறகு காலுறையோடு நின்று தட்டினார். பந்து ஓர் இடத்தில்கூடத் துள்ளாமல் உருண்டு, தண்ணீர் நிறைந்த குழிக்குள் முங்கியது. மொக்கம்மாள் அக்கா ஒரு கையில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பந்தைத் துழாவி எடுத்து, மஞ்சள் தடவிக் கொடுத்தாள். பெரிய துரைதான் பந்தயத்தில் ஜெயித்தார். போகும்போது பட்லரிடம் மஞ்சள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். செக்ரட்டரி துரை புல்லைக் கையால் தடவிப் பார்த்து, இது எப்படி வந்தது என்று அய்யாவிடம் கேட்டார். அய்யா என்னைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், "கம்பு ராசிங்க தொரை" என்றார். ஊட்டி ஆள் வரவில்லை. ஆறாம் குழியில் இனிமேல் யாரும் பூட்ஸ் போட்டு ஏறக்கூடாது என்று கிளப்பில் உத்தரவு போட்டிருக்கிறார்கள். அந்த உத்தரவு என்னுடையது அத்தை.

பிள்ளைக்குப் பேச வருமா என்று இனி யாராவது கேட்டால் நீங்களே சொல்லிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை வந்து என் புல்தரையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போங்கள். மாமாவுக்கும் உங்களுக்கும் என் கும்பிடு. தென்னங்கன்றுகள் பாளை விட்டுக் காய்க்கவும், உங்கள் முழங்கால் வலி தீரவும் வேண்டிக்கொள்கிறேன். வாசித்துக் காட்டியவருக்கு வாய் வலித்திருக்கும், மோர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
முத்துப்பேச்சி.

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. ராசி கம்பில்தான் இருக்கிறது என்று நம்பிய செக்ரட்டரி துரை, மற்ற எட்டுக் குழிக்கும் அதே மாதிரி அத்திக் கம்பு வெட்டி மஞ்சள் துணி கட்டி நடச் சொல்லிவிட்டார். அய்யாவும் நட்டுவிட்டார். காலையில் குடத்தோடு வந்த மொக்கம்மாள் அக்கா மேட்டில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தாள். "ஒண்ணுன்னா ஆத்தா. ஒம்பதுன்னா இது தொரை வேல" என்று சொல்லிவிட்டு, குடத்தை இறக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே தெருவும் போய்விட்டது. நிறுத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. தண்ணீர் இல்லாமல் மேட்டுப் புல் இப்போதே பழுக்க ஆரம்பித்துவிட்டது. அத்தை, வெள்ளிக்கிழமை வரும்போது உங்கள் பெரிய பித்தளைக் குடத்தைக் கொண்டு வாருங்கள். வாசித்துக் காட்டுகிறவரும் ஒரு குடம் கொண்டு வந்தால் நல்லது.