ஏரிக்கரைப் பிரதிநிதி

அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள்: ஏரிப் பாதுகாப்புச் சங்கத் தலைவர், அவர் மனைவி, குவார்ட்டர்ஸ் ஆபீசர்கள் நாலு பேர், ஒரு வாத்தியார், டில்லியிலிருந்து வந்த விருந்தாளி, அப்புறம் நான். ஏரிக்கரைக் குடிசையிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் சைக்கிள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த என்னைத் தேடித் தலைவரே வந்தார். "கரை ஜனங்க யாருமே சங்கத்துல இல்லையான்னு டில்லிக்காரர் கேக்குறாருப்பா. நீ வந்து உட்காரு, போதும்."

உட்காருவதே எனக்குப் பெரிய வேலை. சட்டையில் கிரீஸ் இருக்குமோ, நாற்காலி உடையுமோ, சேரிக்காரன் என்று பக்கத்து ஆபீசர் எழுந்து போய்விடுவாரோ என்று நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்தேன். (எழுந்துதான் போனார்.) எல்லாருக்கும் பீங்கான் கப்பில் டீ, எனக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். (குடித்துவிட்டுத் தூக்கிப் போடலாமே. எங்கே? ஏரியில்தான்.)

பேச்செல்லாம் இங்கிலீஷ். நான் ஆறாவதோடு நின்றவன். விருந்தாளி என்னைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார். புரியவில்லை என்றால் தலைவருக்கு அவமானமாகுமே என்ற பயத்தில் தலையாட்டினேன். போதவில்லையோ என்று இன்னும் பலமாக ஆட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வாசலில் வாத்தியார் சொன்னார்: "பெரிய மனசுய்யா உனக்கு! ஏரி சுத்தமாகணும்னா கரைக் குடிசையெல்லாம் காலி பண்ணணும்னாங்க, சரின்னுட்டியே! வீட்டுக்கு ரெண்டாயிரம் சங்கம் குடுக்குமாம்."

"சார், என் ஊடும் கரையிலதான் கீது."

"அதனாலதானே உன்னைக் கூப்பிட்டாங்க?"

உள்ளே ஓடினேன். "புரியாம ஆட்டிட்டேன் சார்!"

"எல்லாரும் பார்த்துட்டாங்களேப்பா" என்றார் தலைவர், மிகுந்த வருத்தத்துடன்.

மழைக்காலத்தில் லாரி வந்தது. பதினெட்டுக் குடிசைகளும் போயின. நெமிலிச்சேரி தாண்டி, பாயும் சட்டியுமாக ஒரு வெட்டவெளியில் ஒதுங்கினோம். பக்கத்துக் குடிசைக் கன்னியப்பனின் அம்மா அந்த மழையைத் தாண்டவில்லை. அதைப் பற்றிக் கன்னியப்பன் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பணத்தைப் பற்றித்தான் பேசுவார். பணம் தராமலே சங்கம் கலைந்து போய்விட்டது. எங்கள் ஜனங்களுக்குச் சங்கம் என்றால் இன்றும் நான்தான்.

என் மகள் கல்யாணத்தில் மொய் எழுதும் மேஜை முன்னால் நின்று கன்னியப்பன் கத்தினார்: "சங்கத்துக்காரரே! என் மொய் நூத்தியொண்ணு. எனக்கு வரவேண்டிய ரெண்டாயிரத்துல கழிச்சிக்க!"

பந்தலே சிரித்தது. என் மனைவி ஸ்டெல்லாவும்தான். "நம்ம ஊட்டு ரெண்டாயிரத்தையும் சேர்த்து எழுது நைனா" என்றாள் மொய் எழுதிய பையனிடம்.

ஆக, இன்றைய தேதியில் பதினெட்டு வீட்டுக்கும் சேர்த்து நான் தரவேண்டிய பாக்கி: முப்பத்தைந்தாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.