சிங்கராசாவின் ராஜினாமா

ஒரு காட்டில் சிங்கம் ராசாவாக இருந்தது. வேறு யார் இருப்பார்கள்? எதிர்த்து நின்றவர்களைத்தான் அது சாப்பிட்டு முடித்திருந்ததே.

அதே காட்டில் ‘ஒருகுளத்துச் சகோதரர் சங்கம்’ என்று ஒன்று. ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கிறவர்கள் எல்லாம் அண்ணன் தம்பி, அதுதான் கொள்கை. சேர்ந்தால் பச்சைத் துண்டு போர்த்திப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்துக்காகவே ராசா சேர்ந்தார். விதிமுறையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கால்ரேகை வைத்தார்.

கூட்டத்துக்கு மட்டும் ஒருநாளும் போனதில்லை. மாதம் ஒரு கடிதம் போய்விடும். “அன்புச் சகோதரர்களே, வேலை மிகுதி. உடல் இங்கே, உள்ளம் உங்களோடு. வடை மீந்தால் கொடுத்தனுப்பவும்.” செயலாளர் முயல் செவியப்பன் எல்லாவற்றையும் கோப்பில் போட்டுக் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

ஒரு மத்தியானம் நல்ல பசி. ராசா புதருக்குள் கையை விட்டார். வந்தது செவியப்பன்.

“வணக்கம்ணே” என்றான், தலைகீழாகத் தொங்கிக்கொண்டே.

“யாருக்குடா நான் அண்ணன்?”

“நீங்கதானே எழுதியிருக்கீங்க, பதினாலு கடிதம். விதி மூணு: சகோதரன் சகோதரனைத் தின்னக் கூடாது. கீழே உங்க கால்ரேகை.”

கக்கத்துக் கோப்பிலிருந்து அவன் உருவிக் காட்டிய தாளை ராசா உற்றுப் பார்த்தார். அவருடையதுதான். ‘வைத்த ரேகை வைத்ததுதான்’ என்று காட்டுக்கே சட்டம் போட்டவர் அவர். இது செல்லாது என்றால், அவரை ராசா என்று சொல்லும் பத்திரமும் செல்லாதே.

“அப்ப ராஜினாமா. எழுதிக்கோ.”

“எழுதிடலாம்ணே. ஆனா அதைச் செயலாளர்தான் கூட்டத்துல வாசிக்கணும். வயித்துக்குள்ள இருந்து வாசிச்சா யாருக்குக் கேக்கும்?”

ராசாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இறக்கிவிட்டார்.

முதல்முறையாகக் கூட்டத்துக்கும் வந்தார். செவியப்பன் ராஜினாமாவை வாசித்து முடித்தான். எருமை எழுந்து, “அண்ணனை இழக்கச் சங்கத்துக்கு மனசு வரலை” என்றது. மான் நிஜமாகவே அழுதது.

“அண்ணன் போயிட்டா நாம எங்க போறது?”

“அண்ணனுக்குள்ளதான்” என்று முணுமுணுத்தது பன்றி.

ராஜினாமா ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. அதோடு ஆயுள் தலைவர் பதவியும் மாலையும். பிறந்ததிலிருந்து தன்னை யாரும் இப்படி வேண்டும் என்று கேட்டதில்லை என்று ராசாவுக்குக் கண் கலங்கிப்போயிற்று. கண் துடைத்ததும் பசி ஞாபகம் வந்தது.

“நான் என்னத்தடா சாப்பிடுறது?”

“மலைக்கு அந்தப் பக்கம் வேற காடுண்ணே. வேற குளம். சங்கமே கிடையாது” என்றான் செவியப்பன்.

ஒரு மாதம் ராசா அங்கே போய்ப் போய் வந்தார். நன்றாகத் தேறினார். அப்புறம் அந்தக் காட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. “எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மிக அவசரம்.” அடியில் நாற்பது கால்ரேகை. கடைசி ரேகை செவியப்பனின் கூடப்பிறந்த தம்பியுடையது, கல்யாணம் கட்டி அந்தப் பக்கம் குடிபோனவன்.

செவியப்பன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தான். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து பதில் எழுதினான்:

“மதிப்பிற்குரிய ஐயா, இடம் நிரம்பிவிட்டது.”

நீதி: சகோதரத்துவம் ரொம்ப நல்லது, உறுப்பினர் சேர்க்கையை மட்டும் நேரத்தோடு மூடிவிட வேண்டும்.