கவுனி வேக நான் ஆடிய ஆட்டம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு மறந்துபோகிற ஆள் நான்தான். இரண்டு முறை பால், ஒரு முறை முட்டை. (முட்டை வெடித்து உத்தரத்தில் ஒட்டியது. வெள்ளையடிக்க வந்தவர் அண்ணாந்து பார்த்து, "இது என்ன சாமி?" என்று கேட்டார்.) ஆனால் பாதுகாப்புக் கருவியை நான் மாட்டியதென்னவோ, இருபது வருடமாக ஒரு அப்பளத்தைக்கூடக் கருகவிடாத என் மனைவி உமையாளின் அடுப்பில்.

காரைக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் வாத்தியார் நான். மாடியில் சோலார் போட்டதும், கரண்ட் இனாம்தானே என்று கம்பிச்சுருள் வைத்த கரண்ட் அடுப்பு ஒன்றை வாங்கினேன். அதற்கு ஒரு டைமரும் சென்சாரும் நானே செய்து மாட்டினேன். அடுப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஆள் அசைவு இல்லையென்றால் அடுப்பு தானாக அணைந்துவிடும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி எரியும்.

"மறக்குறது நீக. பூட்டு என் அடுப்புக்கா?" என்றாள் உமையாள்.

"விபத்து சொல்லிட்டா வரும்?" என்றேன் வகுப்பறைக் குரலில்.

"சரி, வேண்டாதப்ப நிறுத்தி வைக்கவாச்சும் ஒரு சுவிட்ச் வைங்க."

வைத்தால் அதையே அமுக்கிக்கொண்டிருப்பாள் என்று சுவிட்ச் வைக்காமல், கருவிப் பெட்டியை யாரும் திறக்க முடியாதபடி ரிவெட் அடித்தே மூடினேன். மேதைகள் அப்படித்தான் செய்வார்கள்.

அப்போது உமையாள் ஒரு ஆர்டருக்காக இரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தாள். பள்ளத்தூரில் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே தங்க வருகிறவர்களுக்குப் பலகாரம் செய்துகொடுக்கிற ஆர்டர் அது. கடைசியில் அந்த ஹோட்டல் மேனேஜர், சென்னைக்காரர், ஒரு சனிக்கிழமை காலை வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். கவுனி அரிசி சுடச்சுடச் சாப்பிட வேண்டும், சமைப்பதையும் பார்க்க வேண்டும் என்றார்.

கவுனி லேசில் வேகாது. கறுப்பரிசி. முதல் நாளே ஊறப்போட்டு, நின்று நிதானமாக வேகவைத்து, அப்புறம்தான் சர்க்கரை, தேங்காய், நெய் எல்லாம். குக்கரில் வைத்தால் பதம் கெட்டுவிடும் என்பது உமையாளின் கட்சி. அன்று மேனேஜர் வந்ததும் சட்டியை ஏற்றிவிட்டு, "நான் அவரைக் கவனிக்கிறேன், அடுப்பை நீக பாத்துக்கங்க" என்று முகப்புக்குப் போனாள்.

பார்த்துக்கொண்டேன். அடுப்படியை விட்டு நகரவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, என் கருவியின் அருமை பெருமைகளைக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் எழுதிக்கொண்டிருந்தேன். நான் அசையாமல் இருந்த அழகைப் பார்த்து, அங்கே ஆளே இல்லை என்று கருவி முடிவுகட்டிவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து உமையாள் வந்து மூடியைத் திறந்தாள். ஆவி இல்லை.

"என்னங்க, சட்டி ஆறிப்போய்க் கெடக்கு! எங்குட்டுப் போனீக?"

"இங்கதான் இருந்தேன்."

"இருந்து என்னத்தப் பாத்தீக?" அவள் குரல் உடைந்தது. "ரெண்டு வருசம் அலைஞ்சிருக்கேன். பணியாரத்தக் குடுத்து அவரை உக்கார வைக்கிறேன். இனி ஒருக்கா அணைஞ்சுச்சுன்னா, நான் ஆத்தா வீட்டுக்குப் போக மாட்டேன். உங்களத்தான் அனுப்புவேன்."

பொத்தானை அமுக்கிவிட்டு அடுப்பின் முன் நின்றேன். கையை ஆட்டினேன். ஐந்தாவது நிமிடம் 'டிக்' என்று அணைந்தது. சட்டியின் ஆவி சென்சாரின் கண்ணை மறைத்திருந்தது. துடைத்தேன், மறுபடி மறைத்தது. கையை ஆட்டினால் போதாது, முழு உடம்பும் ஆட வேண்டும் என்று புரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டினேன். கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கி, குனிந்து, நிமிர்ந்து, இடது காலை முன்வைத்து ஒரு சுற்று, பின்வாங்கி ஒரு சுற்று. வியர்வை கொட்டியது.

"சார், என்ன பண்றீங்க?"

வாசலில் மேனேஜர். கையில் தூக்கிப் பிடித்த செல்போன். அவருக்குப் பின்னால் உமையாள், முகம் வெளுத்து.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் செய்த கருவி கோளாறு என்று என் வாயாலேயே சொல்வதா? "வழக்கம் சார்" என்றேன் மூச்சிரைக்க. "கவுனி வேகுறப்ப வீட்டு ஆம்பள இப்படிச் செய்யணும்."

"எவ்வளவு காலமா?"

"தலைமுறை தலைமுறையா."

அவர் முழுவதையும் படம் பிடித்தார். நிறுத்தினால் அடுப்பு அணைந்துவிடுமே, நானும் ஆடிக்கொண்டே இருந்தேன். கவுனி வெந்து இறங்கியபோது மத்தியானம். இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு மேனேஜர் சொன்னார்: "மேடம், ஆர்டர் உங்களுக்குத்தான். வாராவாரம் சனிக்கிழமை. சார் ஆட்டமும் சேர்த்து."

அவர் கார் தெருமுனை திரும்புவதற்குள் உமையாள் சுத்தியலை எடுத்து என் பெட்டியைப் பெயர்த்துவிட்டாள். "என் கைப்பக்குவத்துக்கு வந்த ஆர்டரா, உங்க கூத்துக்கு வந்த ஆர்டரா?" என்று கேட்டாள். நான் குனிந்து, தெறித்து விழுந்த ரிவெட்டுகளைப் பொறுக்கினேன்.

இப்போது அடுப்பில் டைமர் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பள்ளத்தூரில் வெள்ளைக்காரர்கள் முன்னால் கரண்டியோடு ஆடுகிறேன். வீட்டில் நான் செல்போனோடு சும்மா உட்கார்ந்தால் போதும், கல்லூரியில் படிக்கிற மகள் வள்ளி, "அப்பச்சி, அசைங்க! ஆத்தா அணைச்சிரப் போறாக" என்பாள்.

போன மாதம் அதே ஊரில் இன்னொரு வீட்டிலும் கவுனி ஆட்டம் என்று போர்டு வைத்திருந்தார்கள். வள்ளி விசாரிக்கப் போனாள். அந்த வீட்டு ஆச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாராம்: "எங்க வீட்டுல ஏழு தலைமுறையா ஆடுறோம். ஒங்க அப்பச்சி எடது காலை மொதல்ல வைக்கிறாக. அது மொறையில்ல."

அந்த வாரத்திலிருந்து நான் வலது காலைத்தான் முதலில் வைக்கிறேன்.