ஆடுத்தன் ராணி எங்கே போனாள்?

சீட்டு விளையாடுகிறவனுக்கு எதிர்க்கட்சிக்காரன் மேல் ஒருநாளும் கோபம் வராது. அவன் தன் வேலையைச் செய்கிறான். கோபமெல்லாம் சொந்தக் கூட்டாளி மேல்தான் வரும். யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால் இந்த உண்மை எனக்கு இரண்டு ஏச்சுப் பேச்சோடு விளங்கியிருக்கும். ஸ்டுட்கார்ட்டில் இருந்தபடியால் எட்டு மாதச் சிறைத் தண்டனையோடு விளங்கியது. (உள்ளே போகவில்லை. அவசரப்படாதீர்கள், சொல்கிறேன்.)

கோடை வந்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் பூங்காவில்தான். இறைச்சி வாட்டுவதற்கென்று அங்கே கட்டிவிட்டிருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் நாலு மடிப்புக் கதிரையைப் போட்டு முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். என் கூட்டாளி யேசுதாசன் அண்ணை. மன்னார்க்காரர், ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரர். என் கலியாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். பதினெட்டு வருடமாகச் சீட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்தவர். அத்தனை வருடத்தில் அவர் என் ஆட்டத்தை ஒரு தரமும் குறை சொன்னதில்லை. நான் அவரைக் குறை சொல்லாத ஞாயிறும் இல்லை.

அன்றைக்குக் கலாவரை துரும்பு, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனம். கறுப்புச் சீட்டு. எதிராளி ஆடுத்தன் ஆஸை இறக்கினார். ஆடுத்தன் என்பது சிவப்பில் இதயம் போட்ட இனம். விதி எளிது: இறங்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் துரும்பால் வெட்டலாம். அண்ணையிடம் துரும்பு இருப்பது எனக்குத் தெரியும். ஆடுத்தன் இல்லை என்பதும் தெரியும், ஏனென்றால் நான் எண்ணிக்கொண்டு வந்தேன். (என் எண்ணிக்கையைப் பற்றி அந்தக் காலத்தில் எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம்.) அவர் வெட்டினால் ஆட்டம் எங்களுக்கு. அண்ணை யோசித்தார், தலையைச் சொறிந்தார், ஒரு சிவப்புச் சீட்டைப் போட்டார்.

சிவப்பு என்பதற்கு மேல் நான் பார்க்கவில்லை. என்ன சிவப்பு என்று பார்க்கக் கொஞ்சமாவது பொறுமை வேண்டும்.

"வெட்டுங்கோ எண்டு கண்ணாலை சொன்னனான் எல்லோ! மூளையை மன்னாரிலை விட்டிட்டோ வந்தனீங்கள்?" என்று கத்தினேன். (கண்ணால் சொல்வது களவாட்டம். அதையும் நாலு பேர் கேட்க நானே ஒத்துக்கொண்டேன்.)

மேசையைப் புரட்டினேன். சீட்டெல்லாம் அடுப்பில் விழுந்து கோழிக்காலோடு சேர்ந்து எரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கதிரையைத் தூக்கி எறிந்தேன். அவரைப் பார்த்து எறியவில்லை என்று பல மாதம் எல்லாருக்கும் சொல்லி வந்தேன். அவரைப் பார்த்துத்தான் எறிந்தேன். முகத்தை மறைக்க அவர் தூக்கிய வலது கையில் பட்டு, மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

பக்கத்து அடுப்புக்காரர் பொலிசைக் கூப்பிட்டார். பொலிஸ் வந்தபோது அண்ணை புல்லில் இருந்தபடி, தான் கால் தடக்கி விழுந்துவிட்டதாக டொச் மொழியில் சொன்னார். உடைந்த கதிரைக் கால் அவருடைய மடியில் கிடந்தது.

அவர் முறைப்பாடு கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டாலும் இந்த நாட்டில் வழக்கு நடக்கும் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிய வந்தது. நீதிமன்றத்தில் என் வக்கீல் எனக்கு ஒரேயொரு சொல்லைத்தான் பழக்கியிருந்தார். செய்ததற்கு வருந்துகிறீரா என்று நீதிபதி கேட்டால், "ஓம்." அவ்வளவுதான். நீதிபதி கேட்டார். நான் சொன்னேன்:

"ஓம், வலு கவலை. ஆனா அவர் துரும்பு போட்டிருக்க வேணும்."

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்தார். "ஐயா, கடைசியாச் சொன்னதையும் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ, அதுதானே முக்கியம்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். சாட்சியாக வந்திருந்த அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம், ஆனால் பெவேறுங். அதாவது மூன்று வருடம் ஒழுங்காக நடந்தால் உள்ளே போகத் தேவையில்லை. கூடவே இருபது செவ்வாய்க்கிழமை, கோபத்தை அடக்கப் பழகும் வகுப்பு. காரணமில்லாமல் ஒன்றைத் தவறவிட்டாலும் கதை கந்தல். என் மனைவி வசந்தி சனத்துக்கெல்லாம், "அவர் கூர்ஸ் ஒண்டு செய்யிறார்" என்று சொல்லி வைத்தாள். எங்கள் ஆட்களிடம் கூர்ஸ், அதாவது ஏதோ படிப்பு, செய்கிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு. தமிழ்க் கடைக்காரர் கை குலுக்கி, "முடிய சம்பளம் கூடுமோ?" என்று கேட்டார்.

முதல் நாள் இஸ்திரி போட்ட சேட்டும் ஒரு தட்டுப் பொரித்த ரோல்ஸுமாகப் போனேன். (வெறுங்கையோடு ஓரிடத்துக்குப் போய் எங்களுக்குப் பழக்கமில்லை, அது தண்டனையாக இருந்தாலும்.) வகுப்பை நடத்திய திருமதி கெல்லர் தட்டை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "இங்கே உங்களை யாருக்கும் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை" என்றார்.

பதினோராவது செவ்வாய் என்னை நடுவில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று சீண்டுவார்கள், நான் பொறுமையாக இருக்க வேண்டும். என் தொந்தி வண்டியைச் சொன்னார்கள், என் டொச்சைச் சொன்னார்கள், என் சேட்டைச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டு இருந்தேன். எனக்கே என்னை நினைக்கப் பெருமையாக இருந்தது. அப்போது திருமதி கெல்லர் மெதுவாகச் சொன்னார்:

"உங்கள் நண்பர் போட்டது சரியான சீட்டாகவும் இருக்கலாம்."

எழும்பிவிட்டேன். அடுத்த பத்து நிமிடம் அந்த அறை முழுக்க முந்நூற்று நாலு படித்தது. ஒரு இனத்தில் எட்டுச் சீட்டு என்று வெண்பலகையில் எழுதி, அதுவரை வந்த ஆடுத்தன்களை ஒவ்வொன்றாகக் கீழே எழுதினேன். முதற் சுற்றில் ஜாக், ஒன்பது, பத்து, ஏழு. பிறகு ராசாவும் எட்டும். கடைசியாக எதிராளியின் ஆஸ். "முடிஞ்சுது! அவரிட்டை என்ன இருக்கும்?" என்று தமிழிலேயே கேட்டேன்.

ஹோல்கர் என்று ஒரு லொறிச் சாரதி. கழுத்து வரை பச்சை குத்தியவர், பத்துக் கிழமையில் மொத்தம் நாலு வசனம் பேசியவர். பலகையை விரலால் எண்ணினார். "ஏழுதான் இருக்கிறது. ராணி எங்கே?"

திரும்பிப் பார்த்தேன். எண்ணினேன். எத்தனை தரம் எண்ணினாலும் ஏழு. ராணி அண்ணையின் கையில் இருந்திருக்கிறாள். சிவப்பு. அவர் அதைத்தான் போட்டார். விதிப்படி வேறொன்றையும் போட முடியாது.

அதே கதிரையில் தொப்பென்று இருந்தேன். கை நீட்டியது பிழை, ஆனால் ஆட்டத்தில் நான் சரி என்ற ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருடத்துக்கு மேலாக அண்ணையின் வீட்டுப் படி ஏறாமல் இருந்தேன். மன்னிப்புக் கேட்பதென்றால் முதலில் அவர் தன் பிழையை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று வசந்தியிடம் நிபந்தனை வேறு போட்டிருந்தேன். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. ஹோல்கர் பயந்துபோய், "மன்னிக்கவும், நான் சும்மா எண்ணிப் பார்த்தேன்" என்றார்.

அடுத்த நாளே போனேன். அண்ணை இடது கையால் கதவைத் திறந்தார்.

"அண்ணை, அது ராணி."

"ஓம், ராணிதான்."

"தெரிஞ்சும் ஏன் கோட்டிலை சொல்லேல்லை?"

"நீ அண்டைக்கு எல்லாத்தையும் தோத்துப்போய் நிண்டனீ. சீட்டிலையும் தோக்கடிக்க மனம் வரேல்லை." வலது கையை என் பக்கம் நீட்டினார். "இந்தக் கை எப்பிடி இருக்கெண்டு கேக்க வருவாய் எண்டு இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான். வந்திட்டு ராணியைப் பற்றிக் கேக்கிறாய்."

அப்போதுதான் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு பாதிக்கு மேல் சுழலவில்லை. பெரிய சட்டி தூக்க ஏலாதென்று இல்லத்தில் அவரைத் தட்டு அடுக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் சமைத்த மனிதரை. நான் வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன்.

"உடனை ஏலாது. கொஞ்சக் காலம் எடுக்கும்" என்றார். பிறகு, "அதுக்கு வெளியிலை நிக்க வேணுமோ? உள்ளுக்கை வா, தேத்தண்ணி போடுறன்."

மிச்ச ஒன்பது செவ்வாயும் போய் வகுப்பை முடித்தேன். இப்போதும் பூங்காவில் விளையாடுகிறோம். நான் வருவதைத் தூரத்தில் கண்டாலே, "கதிரையளைக் கட்டி வையுங்கோ" என்று யாராவது கத்துவார்கள். எனக்கு மட்டும் புல்லில் பாய். வீட்டில் நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், "அப்பா, ராணி எங்கை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணை அங்கே நின்றால் அவரும் சிரிப்பார்.

அவருக்கு இனிச் சீட்டுக் கலைக்க வராது. அவருடைய முறை வரும்போது சீட்டுக்கட்டை இடது கையால் என் பக்கம் நீட்டுவார். நான் கலைத்துக் கொடுப்பேன்.